கோட்டுக்கு அந்தப் பக்கம் அரிசிக்கடை

1

இங்கிலாந்தில் நாங்கள் குடியிருக்கும் ஊரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தமிழர் கடை இருக்கிறது. மாதம் ஒருமுறை அங்கே மண்ணச்சநல்லூர் பொன்னி வந்து இறங்கும். மூட்டையின் மேல் ஊர்ப்பெயர் தமிழிலேயே அச்சடித்திருக்கும். இருபது கிலோ. கார் நிறுத்த இடம் சாலைக்கு இந்தப் பக்கம்தான் என்பதால் மூட்டையைச் சாலை தாண்டித் தூக்கி வர வேண்டும். எனக்கு ஐம்பத்து நான்கு வயது, இடுப்பில் பெல்ட். என் மகன் கதிருக்குப் பத்தொன்பது, என்னைவிட அரை அடி உயரம். நான் முக்கி முனகி மூட்டையோடு வருவேன். அவன் இந்தப் பக்கம் சிவப்புத் தபால் பெட்டிக்கு அருகில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.

பிள்ளையை வளர்த்த லட்சணத்தைப் பார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்த ஒரு வருடமாக அந்தச் சாலையைத் தாண்டினால் அவனுக்குக் குற்றம். கோர்ட் கொடுத்த உத்தரவோடு ஒரு வரைபடம் இணைத்திருந்தார்கள். அதில் பேருந்து நிலையம், கடைத்தெரு, பூங்கா எல்லாவற்றையும் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்குள் அவன் கால் வைக்கக் கூடாது. ஊருக்குள் எங்கேயும் பொது இடத்தில், தன்னையும் சேர்த்து மூன்று பேருக்கு மேல் கூடி நிற்கக் கூடாது. முகத்தை மறைக்கும் எதையும் அணியக் கூடாது. இரண்டு வருடத்துக்கு. மீறினால் ஜெயில்.

நான் அரிசி மூட்டையோடு சாலையின் பாதிக்கு வந்ததும், கதிர் நடைபாதை விளிம்புவரை வந்து இரண்டு கையையும் நீட்டுவான். விளிம்பைத் தாண்டி ஒரு கால்விரல்கூட வராது. எங்கிருந்தாவது கேமரா பார்க்கும் என்ற பயம். விளிம்புவரை பாரம் அப்பாவுக்கு, அதற்கு மேல் பிள்ளைக்கு. இந்தக் கார்த்திகையோடு அந்தக் கோடு போட்டு ஒரு வருடம் ஆகிறது. அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

கோடு போட்டது கோர்ட் என்றுதான் இங்கே தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தோம். போட்டது நான்.

2

நான் யார் என்று சொல்லாவிட்டால் இது புரியாது. உறையூரில் பிறந்தவன். திருச்சியில் பத்தொன்பது வருடம் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். பகலில் கோர்ட், மாலையில் மன்னார்புரத்தில் அவருடைய மாடி அலுவலகம். என் மனைவி ரேவதி ஸ்ரீரங்கத்துப் பெண், நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது. அவள் கொண்டுவந்த சாமான்களில் நானும் ஒன்று. அப்போது கதிருக்கு மூன்று வயது. பதினாறு வருடமாக ஒரு பார்சல் கிடங்கில் வேலை பார்க்கிறேன். என் ஆங்கிலம் இன்னமும் மனு ஆங்கிலம்தான். 'தாழ்மையுடன்' என்று ஆரம்பிக்காவிட்டால் எனக்கு ஒரு வாக்கியமும் வராது.

குமாஸ்தா வேலையில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியது மன்னிப்புக் கடிதத்தில். இளவட்டங்கள் வாய்த்தகராறு, கைகலப்பு என்று ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பார்கள். கேஸ் போடும் அளவுக்கு ஒன்றும் இருக்காது. "எழுதிக் கொடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்பார் இன்ஸ்பெக்டர். வீட்டார் என்னைத் தேடி வருவார்கள்.

அதற்கென்று ஒரு முறை உண்டு. செய்ததைவிட அதிகமாக ஒத்துக்கொள்ள வேண்டும். 'இதற்கு முன்பும் பலமுறை இப்படி நடந்து பெரியவர்களால் கண்டிக்கப்பட்டிருக்கிறேன்' என்று ஒரு வரி. 'தீய சகவாசத்தால் கெட்டுப்போனேன்' என்று ஒரு வரி. வளர்த்தவர்கள் மேல் பழி வராமல் இருக்க அது. 'இனி அந்தப் பகுதியில் தலை வைத்துப் படுக்க மாட்டேன், யாரோடும் கூட்டம் சேர மாட்டேன்' என்று முடிக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் அடுத்தவன் பெயரை இழுக்கக் கூடாது. இழுத்தால் அவன் பதிலுக்கு ஒரு புகார் கொடுப்பான்.

இன்ஸ்பெக்டர் கடிதத்தைப் படிக்க மாட்டார். கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார், ஃபைலில் சொருகுவார், பையன் பிடரியில் செல்லமாக ஒன்று வைத்து அனுப்பிவிடுவார். கடிதம் ஒரு கும்பிடு மாதிரி. கும்பிட்டவன் மனசுக்குள் என்ன நினைத்தான் என்று யார் கேட்கப் போகிறார்கள்.

3

போன வருடம் தீபாவளிக்கு முந்தைய வாரம். கதிரை அழைத்துவர மாலையில் பேருந்து நிலையத்துக்குக் காரில் போனேன். எதிர்ப்புறம் நிறுத்தி, வண்டியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து பையன்கள் நின்றார்கள். கதிர், பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் நண்பனான மார்க்கஸ், அவர்களோடு படித்த மூன்று வெள்ளைக்காரப் பையன்கள். மார்க்கஸின் குடும்பம் கரீபியன் தீவுகளிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்தது. பாட்டு சத்தமாக ஓடியது. காவலாளி வந்து நிறுத்தச் சொன்னார். செம்பட்டை முடிப் பையன் ஒருவன் பெரிய குப்பைத் தொட்டியை எட்டி உதைத்தான். அது உருண்டு போய் ஒரு பேருந்தின் மேல் மோதியது. காவலாளி கையை ஓங்க, என் மகன் அவரை வாயில் வரக் கூடாத வார்த்தையால் திட்டினான். அது என் காதிலேயே விழுந்தது. மார்க்கஸ் கதிரைப் பிடித்துப் பின்னால் இழுத்தான்.

போலீஸ் வந்தது. மூன்று பேரின் பெயரை எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். இரண்டு பேரை வண்டியில் ஏற்றினார்கள். எந்த இரண்டு பேர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கு நான் இறங்கிப் போய், "தொட்டியை உதைத்தது இவர்கள் இல்லை" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பத்தொன்பது வருடத் தொழில் புத்தி, அடுத்தவன் பெயரை இழுக்காதே என்றது. இரவு போலீஸ் அவனை விட்டதும், வீட்டுக்கு வந்து கதிரை உட்காரவைத்து, அவன் எழுதுவதுபோல் ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். திருச்சியில் எழுதிய அதே வரிகள்.

கதிர் வாங்கிப் பார்த்தான். "அப்பா, பலமுறைன்னு எழுதியிருக்கீங்க. நான் இதுக்கு முன்னாடி எதுவும் பண்ணலையே."

"எல்லாம் வழக்கமா எழுதறதுதான்டா. கையெழுத்தைப் போடு."

"பேட் கம்பெனின்னா யாரு? மார்க்கஸா?"

"யாரும் இல்லை. சும்மா ஒரு பேச்சுக்கு."

போட்டான். ஒரு தவறு செய்த பிள்ளை, அப்பாவுக்குச் சட்டம் தெரியும் என்று நம்பினான். மறுநாள் நானே போலீஸ் நிலையத்துக்குப் போய், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் அந்த உறையை நீட்டினேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். பிறகு உறையைப் பிரித்து முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தாள்.

4

இங்கே சின்னக் குற்றங்களை விசாரிக்கும் கோர்ட்டில் மேடையில் மூன்று பேர் உட்காருகிறார்கள். சட்டம் படித்தவர்கள் இல்லை, ஊரில் மதிப்புள்ள சாதாரணக் குடிமக்கள். கதிரையும் மார்க்கஸையும் ஒன்றாகவே நிறுத்தினார்கள். கதிர் திட்டியதை ஒத்துக்கொண்டான். அதற்கு உள்ளது அபராதம்தான், அதோடு முடிந்தது என்று எழுந்தோம். அரசுத் தரப்பு வக்கீல் உட்காரவில்லை. இந்த இளைஞர்களின் நடத்தையைக் கட்டுப்படுத்த ஓர் உத்தரவு வேண்டும் என்றாள். ஆதாரமாக என் கடிதத்தை எடுத்தாள்.

எல்லா வரியையும் படித்தாள். நிதானமாக, நிறுத்தி நிறுத்தி. 'பலமுறை' என்றபோது மேடையில் ஒருவர் குறிப்பெடுத்தார். 'தீய சகவாசம்' என்றபோது மூன்று பேரும் தலையைத் திருப்பி மார்க்கஸைப் பார்த்தார்கள். அவன் பின்னால் உட்கார்ந்திருந்த அவன் அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பகுதிக்கு வர மாட்டேன் என்ற வரி, வரைபடமானது. கூட்டம் சேர மாட்டேன் என்ற வரி, மூன்று பேர் கணக்கானது. அவனே எழுதிக் கொடுத்ததைத்தானே கேட்கிறோம் என்றாள் அந்த வக்கீல். இருவருக்கும் அதே நிபந்தனைகள். கதிருக்கு இரண்டு வருடம், தீய சகவாசமான மார்க்கஸுக்கு மூன்று. அன்று எங்களுக்கென்று கோர்ட் ஒதுக்கிய வக்கீல், ஏற்றுக்கொண்டுவிடுங்கள், சின்ன விஷயம் என்று தோளைத் தட்டிவிட்டு அடுத்த கேஸுக்கு ஓடினார்.

சின்ன விஷயம் என்னவெல்லாம் செய்தது என்று கேளுங்கள். பேருந்து நிலையம் கோட்டுக்குள் இருப்பதால் கதிர் எங்கே போனாலும் முதல் நாற்பது நிமிடம் நடை. மின்சார வேலை படித்துக்கொண்டிருந்தான். தெருவிளக்குப் பராமரிக்கும் ஒரு நிறுவனம் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. ஒரு வண்டிக்கு நான்கு பேர். நான்கு பேர் தெருவில் நின்றால் உத்தரவை மீறியதாகும். உத்தரவு நீங்கினால் வா, வரும் தை பிறக்கும்வரை இடத்தை வைத்திருக்கிறோம் என்றார்கள்.

"ரெண்டு வருஷம்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு" என்றேன் நான். உத்தரவை மாற்றச் சொல்லி மனுப் போடலாம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. போட்டால் அந்தக் கடிதம் பொய் என்று யாராவது எழுந்து நின்று சொல்ல வேண்டும். அந்த யாராவது யார் என்பதும் தெரியும்.

கதிர் என்னோடு பேசுவது குறைந்தது. கேட்டதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல். சாப்பாட்டை அறைக்கு எடுத்துப் போனான். ஒரே வீட்டில் மூன்று பேர்தான் இருந்தோம், அதற்கு அனுமதி உண்டு. ஆனாலும் ஒன்றாக உட்காரவில்லை.

5

ஆவணியில் ரேவதியின் அண்ணன் மகள் தீபாவுக்குக் கல்யாணம். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகும் வழியில் மண்டபம். மூன்று பேரும் போனோம். உத்தரவு இந்தியாவில் செல்லாது. கதிர் இங்கேயாவது கலகலப்பாக இருப்பான் என்று எதிர்பார்த்தேன்.

மேடையில் குடும்பப் படம் எடுக்க எல்லோரையும் ஏற்றினார்கள். "தம்பி, அந்த ஓரத்துல நில்லுங்க, கிட்ட வாங்க" என்றார் போட்டோக்காரர். கதிர் ஏறினான். பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தான். அவன் உதடு அசைவதைக் கவனித்தேன். எண்ணுகிறான். எண்ணி முடித்து, யாரும் தள்ளாமலேயே படியிறங்கி, மேடைக்குக் கீழே தனியாக நின்றுகொண்டான்.

"டேய் கதிர், ஏன்டா இறங்கிட்ட, மேல வா" என்று மாலையும் கழுத்துமாகத் தீபா கூப்பிட்டாள்.

"பரவால்ல தீபா. நீங்க எடுத்துக்கோங்க."

மறுநாள் சாயங்காலம் காவிரிப் படித்துறையில் மாமா மகன்கள் ஐந்து பேர் உட்கார்ந்து அரட்டை அடித்தார்கள். கதிர் அவர்களுக்கு நாலு படி தள்ளி உட்கார்ந்து, அங்கிருந்தே சிரித்தான். வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டிருந்தான். ரோட்டில் ஒரு போலீஸ் ஜீப் மெதுவாகப் போனது. துண்டை உருவி மடியில் வைத்துக்கொண்டான். அந்த ஜீப்பில் இருந்தவர்கள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் பிள்ளையின் உடம்புக்குள் நான் எழுதிய கடிதம் போய் உட்கார்ந்திருந்தது.

மச்சான் வந்து என் பக்கத்தில் நின்றார். "என்ன மாப்ள, பையன் ஒதுங்கி ஒதுங்கி நிக்கறான்? வெளிநாட்டுப் பழக்கமா?"

வாய் வரை வந்த பொய்யை விழுங்கிவிட்டு, சொந்தக்காரர் ஒருவரிடம் முதல்முறையாக விஷயத்தைச் சொன்னேன். கடிதத்தைத் தவிர மற்றதை.

அவர் நல்ல மனிதர், ஊரில் சொந்தமாகக் கடை வைத்திருப்பவர். சட்டென்று வழி சொன்னார். "இங்க விட்டுட்டுப் போங்க. ஒரு வருஷம் நம்ம கடையில இருக்கட்டும். உத்தரவு முடிஞ்சதும் அனுப்பி வைக்கிறேன். பிள்ளைக்கும் ஊரு பழகின மாதிரி இருக்கும்."

எனக்கு அது தெய்வ வாக்கு மாதிரி இருந்தது. கோர்ட்டுக்கும் போக வேண்டாம், யார் முன்னாலும் வாய் திறக்கவும் வேண்டாம். அன்று வீட்டில் கதிரிடம் சொன்னேன்.

"அப்பா, நான் இங்க இருந்துட்டா அந்த லெட்டர்ல இருக்கறது எல்லாம் நிஜம்னு ஆயிடும்ல?"

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். சந்தேகம் கேட்பதுபோல் கேட்டான். ரேவதி மடித்துக்கொண்டிருந்த புடவையைக் கட்டிலில் வைத்தாள்.

"பத்தொன்பது வருஷம் ஊருக்கெல்லாம் மனு எழுதினீங்க. பெத்த பிள்ளைக்கு ஒண்ணு எழுத வரலையா உங்களுக்கு?" என்றாள்.

6

கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, மண்டபத்தில் மிஞ்சிய அரிசி மூட்டைகளை ஒருவர் முதுகில் ஏற்றி வண்டிக்குக் கொண்டுபோனார். அதைப் பார்த்ததும் சேகர் நினைவுக்கு வந்தார். இருபது வருடமாக நினைக்காத ஆள்.

சேகர் மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை ஒன்றில் மூட்டை தூக்குகிறவர். திருச்சியில் ஒரு டீக்கடையில் தகராறு. ஜாமீன் கிடைத்தது, ஆனால் தினமும் காலை பத்தரைக்கு டவுன் ஸ்டேஷன் ஒன்றில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ் பிடித்து, காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டி ஆலைக்குப் போவதற்குள் அன்றைய லோடு ஏறி முடிந்திருக்கும். அந்த நிபந்தனையைத் தளர்த்தத்தான் என்னிடம் வந்தார். எழுதினேன்.

"என்ன எழுதியிருக்கீங்கன்னு ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க சார்" என்றார். படித்தேன். "குடிச்சுட்டுத் தகராறு பண்ணேன்னு எழுதியிருக்கீங்களே. நான் குடிக்கறதே இல்லைங்க."

"எல்லாருக்கும் அப்படித்தான்ப்பா எழுதறது. கையெழுத்தைப் போடு."

மகனிடம் சொன்ன அதே வார்த்தை. சேகரும் போட்டார்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது, அதுதான் கூடுதலாகச் சுட்டது. அந்தத் தகராறில் எதிர்ப்பக்கம் நின்றவர் ஒரு கடைக்காரரின் மகன். அவருக்கு எந்த நிபந்தனையும் இல்லை. எழுதிக்கொடுக்கவும் சொல்லவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. எங்கள் அலுவலகத்துக்கு யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்தத் தெருப்பா?" பதிலைக் கேட்டதும் எவ்வளவு குனிந்து எழுத வேண்டும் என்று கை தானாக முடிவு செய்துவிடும். சில தெருக்காரர்கள் எழுதிக் கொடுப்பார்கள், சில தெருக்காரர்கள் தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். அதை ஓரவஞ்சனை என்று நான் நினைத்ததே இல்லை. ஊர் வழக்கம் என்று நினைத்தேன். இங்கே என் மகனின் தோல் நிறத்தைப் பார்த்து வண்டியில் ஏற்றியபோதுதான் வலித்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வருவதற்குப் பத்தொன்பது வருடமும் ஐயாயிரம் மைலும் தேவைப்பட்டன.

7

திரும்பி வந்ததும் ரேவதி, மருத்துவமனைத் தோழி ஒருத்தி சொல்லி, இப்படிப்பட்ட உத்தரவுகளை எதிர்த்து இலவசமாக வாதாடும் ஹெலன் என்ற வக்கீலைக் கண்டுபிடித்தாள். ஹெலன் பொறுமையாகக் கேட்டாள். கடிதத்தை நான் எழுதியதைச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஐந்து பேர் நின்ற இடத்தில் இரண்டு பேருக்கு உத்தரவு. இந்த அலமாரியில் இருக்கும் கோப்புகளிலும் அதே கதைதான். ஏன் இந்த இரண்டு பேர் என்று கேட்டால், முன்பே செய்தேன் என்று அவனே எழுதியிருக்கிறானே என்பார்கள். அந்த வாசலை அடைத்திருப்பது உங்கள் கடிதம்" என்றாள்.

நான் சாட்சி சொன்னால் போலீஸிடம் பொய் எழுதிக் கொடுத்ததாக என் மேலேயே சிக்கல் வரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கதிர் ஒன்றும் கேட்கவில்லை. கார் நின்றதும், "அப்பா, உங்களுக்குப் பிரச்சனைன்னா வேணாம்" என்றான். பல மாதம் கழித்து எனக்காகக் கவலைப்பட்டு அவன் பேசிய வாக்கியம் அது. அதைக் கேட்ட பிறகு போகாமல் இருந்தால் நான் மனிதனே இல்லை.

உத்தரவை மாற்றச் சொல்லி ஹெலன் போட்ட மனு விசாரணைக்கு வந்தது. ஆயிரம் பேரைக் கூண்டில் ஏற்றிவிட்டு வெளியே டீ குடித்தவன், முதல்முறை ஏறுகிறேன். ஹெலன் நான் பார்த்ததை மட்டும் கேட்டாள். சொன்னேன். தொட்டியை உதைத்தது யார், திட்டியது யார், பிடித்து இழுத்தது யார், யாரை வீட்டுக்கு அனுப்பினார்கள், யாரை வண்டியில் ஏற்றினார்கள். என் மகன் திட்டியதையும் விடவில்லை. நிறம் என்ற சொல்லை அந்த அறையில் ஒருவரும் உச்சரிக்கவில்லை. ஆனால் நான் பெயர்களைச் சொல்லச் சொல்ல, மேடையில் இருந்தவர்கள் கதிரைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார்கள்.

அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தாள். கடிதத்தின் மூன்று வரிகளைப் படித்து, இது உண்மையா, இது உண்மையா என்று கேட்டாள். மூன்றுக்கும் இல்லை என்றேன்.

"அப்படியானால் போலீஸுக்குப் பொய் எழுதினீர்கள்."

"ஆமாம். என் மகன் எழுதவில்லை. நான் எழுதினேன்."

மேடையின் நடுவில் இருந்த வயதான அம்மாள் குனிந்து என்னைப் பார்த்தாள். "சொந்த மகனைப் பற்றி ஏன் இப்படி எழுதினீர்கள்?"

ஹெலனோடு இதற்கு நான் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. "எங்கள் ஊரில் நிறைய ஒத்துக்கொண்டால் சீக்கிரம் விடுவார்கள். அங்கே அதை யாரும் படிப்பதில்லை, அம்மா. நீங்கள் படித்துவிட்டீர்கள்" என்றேன்.

ஒருவர் சிரிப்பை அடக்கினார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. என்னையே சற்று நேரம் பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தார்கள். வரைபடமும் மூன்று பேர் நிபந்தனையும் நீக்கம். முகம் மறைக்கும் நிபந்தனை மீதிக் காலத்துக்கு இருக்கும். என் மேல் எதுவும் சொல்லவில்லை. அந்த இரண்டு பேரை மட்டும் ஏன் என்ற கேள்வி இன்று தாங்கள் தீர்மானிக்க வேண்டியது அல்ல என்றார்கள். யார் எப்போது தீர்மானிப்பார்கள் என்பதைச் சொல்லவில்லை. கதிர் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்று அழுதான். நானும்தான்.

8

மார்க்கஸின் உத்தரவு அப்படியே இருந்தது. அது தனி மனு, தையில் விசாரணை. கதிர்தான் சொன்னான்: "நீங்க அவங்க வீட்டுக்குப் போகணும்ப்பா."

மார்க்கஸின் அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை செய்கிறாள். கோர்ட்டில் என்னைப் பார்த்த அந்தப் பார்வைக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததில்லை. கதவைத் திறந்தவள் உள்ளே கூப்பிடவில்லை.

"என் மகன் தீய சகவாசம் என்று எழுதியவர் நீங்கள்தானே" என்றாள்.

"ஆமாம்" என்றேன். மன்னிப்புக் கேட்டேன். வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்கு எழுதியவனுக்கு, தனக்கென்று ஒரு வரி வரவில்லை. இரண்டு சொல்தான் வந்தது.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அது எனக்கு வேண்டாம். நீங்கள் பார்த்ததை எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு, கதவை அகலத் திறந்தாள்.

எழுதினேன். கிழித்தேன். பழக்கம் லேசில் விடுமா? முதல் தாளில் 'தாழ்மையுடன்' வந்துவிட்டது. இரண்டாவதில் அவன் மிக நல்ல பையன், தெய்வபக்தி உள்ளவன் என்று அளந்துவிட்டேன். அவன் சர்ச்சுக்குப் போகிறானா என்றே எனக்குத் தெரியாது. மூன்றாவது தாள் பதினொரு வரிதான் வந்தது. எங்கே வண்டியை நிறுத்தியிருந்தேன், எவ்வளவு தூரம், என்ன பார்த்தேன். மார்க்கஸ் யாரையும் திட்டவில்லை, எதையும் உதைக்கவில்லை, என் மகனைப் பிடித்து இழுத்தான். தீய சகவாசம் என்று முன்பு எழுதியது நான், அது பொய்.

போன ஞாயிற்றுக்கிழமை அரிசி வாங்கப் போனோம். கதிர் சாலையைத் தாண்டிக் கடைக்குள் வந்தான். ஒரு வருடம் கழித்து. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை முன்னால் நடக்கவிட்டான். எதிர்ப்பக்கம், தபால் பெட்டிக்கு அருகில், கதிர் வழக்கமாக நிற்கும் அதே இடத்தில் மார்க்கஸ் நின்றிருந்தான். மூட்டை சாலையின் பாதிக்கு வந்ததும் நடைபாதை விளிம்புவரை வந்து இரண்டு கையையும் நீட்டினான். விளிம்பைத் தாண்டவில்லை. நாங்கள் மூன்று பேர் ஆகிவிட்டதால், நான்காவதாக ஆகிவிடக் கூடாதென்று ரேவதி காரைவிட்டு இறங்கவில்லை.

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து மார்க்கஸிடம் கொடுத்தேன்.

"கையெழுத்துப் போட வேண்டுமா?" என்றான்.

"வேண்டாம். கையெழுத்து என்னுடையது. நீ முதலில் படி. தப்பாக ஏதாவது இருந்தால் சொல், மாற்றுகிறேன்."

அவன் அரிசி மூட்டையைத் தபால் பெட்டியில் சாய்த்து வைத்தான். தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குளிரில் நின்றபடியே, எல்லா வரியையும் படித்தான்.